போர்க்கொடி தூக்குதல்: யார் தூக்கினால் அது போர்க்கொடி?

பந்திங்வாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கோயில் ஒன்றின் ஆண்டுக் கூட்டம் சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்தது. தேரைப் பழுதுபார்த்த செலவுக்கு ரசீது எங்கே என்று இளைஞர் பிரிவைச் சேர்ந்த நால்வர் எழுந்து கேட்டார்கள். பொருளாளர் அடுத்த கூட்டத்தில் காட்டுவதாகச் சொன்னார், அவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் அன்று மாலையே "நிர்வாகத்துக்கு எதிராக இளைஞர் பிரிவு போர்க்கொடி" என்று எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு செய்தி வந்தது. அதை எழுதியவன் நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இப்போது இரு தரப்புக்கும் என்மீது வருத்தம். "ரசீது கேட்டால் அது போரா?" என்று தலைவர் கேட்கிறார். "நாங்கள் வெறுங்கையோடுதானே எழுந்தோம், கொடியை நீங்கள்தானே கொடுத்தீர்கள்?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நாளிதழ்களில் நாள்தோறும் படித்துப் பழகிய தொடர் என்பதால் யோசிக்காமல் போட்டுவிட்டேன். இத்தொடரின் சரியான பொருள் என்ன, இது எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் அடுத்த கூட்டத்துக்கு முன் நான் தெளிவடைவேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

தம்பி, நீங்கள் செய்தது பெரும்பிழை அன்று, ஆனால் பிழைதான். 'போர்க்கொடி தூக்குதல்' அல்லது 'போர்க்கொடி உயர்த்துதல்' என்றால், ஒருவருடைய அதிகாரத்துக்கு உட்பட்டிருப்பவர் இனி உட்பட மாட்டேன் என்று ஊரறியச் சொல்லி எதிர்த்து நிற்பது என்று பொருள். மருமகள் மாமியாருக்கு எதிராகவும், உறுப்பினர் தம் கட்சித் தலைமைக்கு எதிராகவும் போர்க்கொடி தூக்குவதாக எழுதுகிறோம். மாமியார் மருமகளுக்கு எதிராகத் தூக்கியதாக எங்கேனும் படித்ததுண்டா? அங்கே 'கண்டித்தார்' என்றுதான் எழுதுவார்கள். இத்தொடருக்கு ஒரு திசை இருக்கிறது என்பதும், அத்திசை கீழிருந்து மேல் நோக்கியது என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

வேற்றுமை உருபையும் கவனியுங்கள். 'தலைவருக்குக் கொடி பிடிக்கிறான்' என்றால் தலைவரின் ஆள் என்று பொருள். 'தலைவருக்கு எதிராகக் கொடி பிடிக்கிறான்' என்றால் பகையாளி என்று பொருள். கொடிக்கு இரண்டு பக்கமும் உண்டு. 'போர்' என்ற சொல் முன்னால் வந்து சேர்ந்துவிட்டால் ஒரு பக்கம்தான்.

இனி மூலத்துக்கு வருவோம். புறநானூற்றின் ஒன்பதாம் பாடலில், பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடும்போது, அவன் போர் தொடங்குமுன் பசுக்களையும் பார்ப்பனரையும் பெண்டிரையும் நோயாளிகளையும் இன்னும் புதல்வரைப் பெறாதவர்களையும் நோக்கி, 'எம் அம்பு கடிவிடுதும், நும் அரண் சேர்மின்' என்று அறிவித்த அறத்தைப் புகழ்கிறார். அதே மூச்சில் 'கொல்களிற்று மீமிசைக் கொடிவிசும்பு நிழற்றும் எங்கோ' என்கிறார். கொல்லும் களிற்றின் மேல் உயர்த்திய கொடி வானுக்கே நிழல் செய்கிறதாம். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போருக்கு வருபவனின் கொடி அது. மறைவில் முணுமுணுப்பவனை நாம் போர்க்கொடி தூக்கியவன் என்று சொல்வதில்லை என்பதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

செம்பனைக்காரன்

வாத்தியார் ஐயா மன்னிக்க வேண்டும். பாண்டியன் யாருக்குக் கீழே இருந்தான்? அவன் கொடி அரசன் அரசனுக்கு எதிராக உயர்த்திய கொடி. மருமகளின் கொடி அப்படிப்பட்டதில்லையே. ஆங்கிலத்திலும் கலகத்தின் கொடியை உயர்த்துவது என்று ஒரு வழக்கு இருக்கிறது. அதைத் தமிழ்ப் பத்திரிகையாளர்கள் மொழிபெயர்த்து வைத்துக்கொண்டார்கள் என்றே நான் நினைக்கிறேன். நாளிதழில் தலைப்புக்கு இடம் குறைவு. 'கருத்து வேறுபாட்டை வெளிப்படையாகத் தெரிவித்தனர்' என்று எழுத இடமில்லாதபோது 'போர்க்கொடி' ஒரே சொல்லில் வேலையை முடித்துவிடுகிறது.

நூலகப் பூனை

செம்பனைக்காரரின் கேள்வி நியாயமானது என்றாலும், விடை அவ்வளவு எளிதாக முடிந்துவிடாது. பழைய நூல்களில் கொடி படைக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. கரிகாலனின் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில் கோயில் கொடியும், நாவாய்களின் மேல் ஆடும் கொடியும், கள் விற்கும் வீட்டின் கொடியும் வருகின்றன. (கள்ளுக்கடைக்குக் கொடி கட்டிய மரபு நம் தோட்டங்கள் வரை வராமல் போனதில் எனக்கு வருத்தமில்லை, கடையைத் தேடிப் போகிறவர்களுக்கு அடையாளம் தேவைப்பட்டதே இல்லை.)

அந்தக் கொடிகளுக்கு நடுவே இந்த இழைக்கு மிகவும் வேண்டிய கொடி ஒன்று இருக்கிறது: 'பல்கேள்வித் துறைபோகிய தொல்லாணை நல்லாசிரியர் உறழ்குறித் தெடுத்த உருகெழு கொடி'. கற்றுத் துறைபோன ஆசிரியர்கள், யாரும் வந்து எம்மோடு வாதிடலாம் என்று உயர்த்திய கொடி. 'உறழ்' என்பது மாறுபட்டு எதிர்த்து வாதிடுவது. 'உரு' என்பதற்கு இங்கே அச்சம் என்று பொருள் கொள்வார்கள். வாளும் இல்லை, யானையும் இல்லை. வாய்ச்சொல்லுக்குக் கொடி எடுத்திருக்கிறார்கள். குண்டலகேசி வாதுக்கு அழைக்க நாவல் கிளையை நட்டு வைத்தாள் என்ற கதையும் இதே வகையைச் சேர்ந்தது. எதிர்வாதத்தையே கொடியின் மூலம் அறிவிக்கும் வழக்கம் நம்மிடம் இருந்திருக்கும்போது, இந்தத் தொடருக்கு ஆங்கிலத்திடம் போய்க் கடன் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. பத்திரிகைகள் பரப்பின என்பது உண்மையாக இருக்கலாம். பரப்பியவர்கள் எல்லாம் பெற்றவர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

வாத்தியார் ஐயாவிடமும் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. கொடி எப்போதும் போருக்கு முன்னால்தான் எழும் என்பதில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது, 'போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட' என்று இளங்கோவடிகள் எழுதுகிறார். அது போரில் உழன்று வென்ற பிறகு மதில் மேல் எடுத்த கொடி. வெற்றி பெற்றவன் வீட்டுக் கொடி அது, அதிகாரத்தின் கொடி. அந்தக் கொடிக்குக் கீழே நுழைந்து, அரசனை நேருக்கு நேர் நின்று 'தேரா மன்னா' என்று அழைத்தவளின் கையில் கொடி இல்லை. ஒற்றைச் சிலம்புதான் இருந்தது. தமிழில் அதிகாரத்தை எதிர்த்ததற்கு அதைவிடப் பெரிய காட்சி எனக்கு நினைவில் இல்லை. ஆனாலும் கண்ணகி போர்க்கொடி தூக்கினாள் என்று எழுதினால் காதில் உறுத்துகிறது. ஏன் உறுத்துகிறது என்று யாராவது சொல்லுங்கள்.

பந்திங்வாசி

நான் ரசீதைப் பற்றிக் கேட்க வந்தேன், கண்ணகி வரை போய்விட்டோம். உறுத்துகிறது என்பது மட்டும் உண்மை. அவள் நீதி கேட்டாள். உனக்கு உட்பட மாட்டேன் என்று அவள் முதலில் சொல்லவில்லை என்பதாலா?

பழைய பிரட்டுக்களம்

இங்கே படித்தவர்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் ஆறாம் வகுப்போடு பால்வெட்டப் போனவன். தட்டச்சு செய்து கொடுப்பவள் என் பேத்தி. மொழியைத் திருத்தியவளும் அவளே. ஆனால் செய்தி என்னுடையது.

என் தகப்பனார் மலேசியாவில், சிலாங்கூரின் இந்தக் கோல லங்காட் வட்டாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டியவர். விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பிரட்டுக்களத்தில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் திடலில், பெயர் கூப்பிடுவார்கள். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பால் சுமக்கும் காண்டா வாளியைக் காலடியில் வைத்துவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். கங்காணியின் முன் துண்டு தோளில் இருக்கக் கூடாது. கிராணி (தோட்டத்து எழுத்தர்) பெயரைப் படிக்கும்போது 'ஐயா' என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் தாழ்ந்தாலும் குற்றம், உயர்ந்தாலும் குற்றம். அரைநாள் பெயர் போட்டுவிட்டால் அந்த மாதம் அரிசி குறையும்.

என் தகப்பனார் யாரையாவது மதிக்காமல் எதிர்த்துப் பேசியவனைப் பற்றிச் சொல்லும்போது போர்க்கொடி என்ற சொல்லைப் பயன்படுத்தியதே இல்லை. "அவன் சைக்கிள விட்டு எறங்காதவன்" என்பார். சிறுவயதில் எனக்கு அது விளங்கவில்லை. பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். துரையோ கிராணியோ எதிரே வந்தால், தொழிலாளி சைக்கிளில் இருந்து இறங்கி, ஓரமாக உருட்டிக்கொண்டு போக வேண்டும். சம்பளம் சேர்த்து வாங்கிய சொந்தச் சைக்கிளாக இருந்தாலும் அப்படித்தான்.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது. இது எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. ஆர். எச். நாதன் தலைமையில் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆதரவோடு தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில், சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுவது, பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்துவது என்பவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரைமார், கிராணிமார் முன்னால் சைக்கிளில் இருந்து இறங்காமல் போக எங்களுக்கு உரிமை வேண்டும் என்பதே அது. கூலிப் பட்டியலோடு சேர்த்து இதையும் எழுதிக் கொடுத்தார்கள். மே மாதத்தில் நாதனைக் கைது செய்தபின் வேலைநிறுத்தம் பரவியது. சிலாங்கூரில் அவசரகாலம் அறிவித்துப் படையை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் செத்தார்கள். நாதனை நாடு கடத்தினார்கள்.

அந்த ஐந்து பேரின் கையில் கொடி இருந்ததா இல்லையா என்பதைப் பற்றி என் தகப்பனார் ஒன்றும் சொன்னதில்லை. சைக்கிளைப் பற்றித்தான் சொன்னார். எங்கள் வீட்டுத் திண்ணையில் அவருடைய ராலே சைக்கிள், செயின் துருப்பிடித்துப் போன பிறகும் பல ஆண்டுகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதை விற்கச் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

நூலகப் பூனை

ஐயா, நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் விடை சொல்லிவிட்டீர்கள். பேத்திக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள்.

சைக்கிளில் இருந்து இறங்கினால் தொழிலாளியின் தலை துரையின் தலைக்குக் கீழே வந்துவிடுகிறது. இறங்காவிட்டால் சமமாக இருக்கிறது. கொடியும் அப்படித்தான். சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்கு மீன் என்று கொடி வைத்துக்கொள்ளும் உரிமை ஆள்பவனுக்கே இருந்த காலத்தில், ஆளப்படுபவன் தனக்கென ஒரு கொடியை எடுக்கிறான் என்றால், அவன் கோபத்தைக் காட்டுகிறான் என்பதைவிட, நீயும் நானும் ஒரு நிலத்தில் நிற்கிறோம் என்று சொல்கிறான். அரசன் அரசனுக்கு எதிராகப் பயன்படுத்திய சொல் மருமகளின் கைக்கு எப்படி வந்தது என்று செம்பனைக்காரர் கேட்டாரே, அது வந்த வழி இதுவாகத்தான் இருக்க வேண்டும். கொடியை எடுக்கும் அந்தக் கணத்தில் மருமகள் அரசியாகிவிடுகிறாள்.

கண்ணகிக்கு அச்சொல் ஏன் பொருந்தவில்லை என்பதும் இதனால் விளங்குகிறது. அவள் பாண்டியனுக்குச் சமமாக வேண்டும் என்று வரவில்லை. அரசன் அரசனாக இல்லை என்று காட்ட வந்தாள். அவன் அதை ஒப்புக்கொண்டு விழுந்தும் விட்டான். அங்கே போர் நடக்கவே இல்லை.

வரலாறு கற்பிப்பவள்

பழைய பிரட்டுக்களம் ஐயாவின் சைக்கிளோடு சேர்த்து வைக்க என்னிடம் ஒரு தலைப்பாகை இருக்கிறது. 1806-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் கிழக்கிந்தியக் கும்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் தம் அதிகாரிகளுக்கு எதிராக எழுந்தார்கள். உடனடிக் காரணம், புதிய உடை விதி. நெற்றியில் சமயக் குறி இருக்கக் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், பழைய தலைப்பாகைக்குப் பதில் புதிய வகைத் தொப்பியை அணிய வேண்டும் என்றார்கள். சம்பளத்துக்காக மட்டும் எழுந்தவர்கள் அல்லர். தலையில் எதை வைப்பது என்பதை யார் முடிவு செய்வது என்ற கேள்விக்காகவும் எழுந்தார்கள். கோட்டையைப் பிடித்ததும் அவர்கள் செய்த முதல் வேலைகளுள் ஒன்று, மறைந்த திப்பு சுல்தானின் புலிக்கொடியை அதன் மேல் ஏற்றியது. திப்புவின் மக்கள் அப்போது அந்தக் கோட்டையில்தான் காவலில் வைக்கப்பட்டிருந்தார்கள். அன்றே ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து கோட்டையை மீட்டது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள்.

இந்தத் தொடர் வேலூரில் பிறந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கீழே இருந்தவர்கள் மேலே இருந்தவர்களுக்கு எதிராக உண்மையிலேயே ஒரு கொடியைக் கயிற்றில் கட்டி ஏற்றிய நிகழ்ச்சி நம் வரலாற்றில் இருக்கிறது. அந்த நிகழ்ச்சியை ஒரு தரப்பு 'கலகம்' என்றும், மறு தரப்பு 'புரட்சி' என்றும் இன்றுவரை எழுதிவருகின்றன. 'போர்க்கொடி' என்று எழுதினால் இரண்டு தரப்பிலும் சேராமல் தப்பித்துக்கொள்ளலாம் என்பது செய்தியாளர்களுக்கு அதன் மீதுள்ள காதலுக்கு இன்னொரு காரணமாக இருக்கலாம்.

கேரித் தீவுக்காரன்

என் மலாய் நண்பர் ஒருவரிடம் இந்த இழையைப் பற்றிப் பேசினேன். அவர் உடனே 'டெர்ஹாக்கா' என்ற சொல்லை எடுத்தார். அரசனுக்கோ பெற்றோருக்கோ அடங்காமல் மீறுவதுதான் டெர்ஹாக்கா. கப்பலில் பணக்காரனாகத் திரும்பி வந்து தாயை யாரென்று தெரியாது என்று சொல்லிக் கல்லாகிப்போன சி தங்காங் கதையில் அவனை 'அனாக் டெர்ஹாக்கா' என்பார்கள். எனக்கு வியப்பைத் தந்தது, அது நம்முடைய 'துரோகம்' என்ற சொல்லின் உறவு என்பது. இரண்டும் சமஸ்கிருதத்தின் ஒரே வேரிலிருந்து வந்தவை. நம்மிடம் அது நம்பியவனை முதுகில் குத்துவதாகச் சுருங்கிவிட்டது. நண்பனுக்குத் துரோகம், மனைவிக்குத் துரோகம் என்கிறோம். அவர்களிடம் அது மேலிருப்பவரை மீறுவதாக நின்றுவிட்டது.

நண்பர் இன்னொன்றும் சொன்னார். மலாய் அரசர்களின் கதையைச் சொல்லும் பழைய நூலான செஜாரா மெலாயுவில் டெமாங் லேபார் டாவுன் என்ற தலைவருக்கும் அரசன் ஸ்ரீ திரி புவானாவுக்கும் இடையே ஓர் உடன்படிக்கை வருகிறது. குடிகள் அரசனுக்கு டெர்ஹாக்கா செய்ய மாட்டார்கள். பதிலுக்கு, அரசன் குடிகளைப் பழித்து அவமானப்படுத்தக் கூடாது. குடி பிழை செய்தால் தண்டிக்கலாம், கொல்லவும் செய்யலாம், இழிவுபடுத்தக் கூடாது. சைக்கிளை விட்டு இறங்கச் சொன்ன துரைமார் இதைப் படித்திருக்கலாம். மலாயில் 'ராஜா ஆடில் ராஜா டிசெம்பா, ராஜா ஸாலிம் ராஜா டிசங்கா' என்ற பழமொழியும் இருக்கிறது. நீதியான அரசனை வணங்கு, கொடிய அரசனை எதிர் என்று பொருள். நம் 'போர்க்கொடி' எதிர்ப்பவன் செய்தது சரியா தவறா என்பதைச் சொல்வதே இல்லை. 'டெர்ஹாக்கா' தீர்ப்பையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

செம்பனைக்காரன்

சரி, மொழிபெயர்ப்பு என்ற என் வாதத்தைப் பாதி திரும்பப் பெறுகிறேன். மீதிப் பாதியை வைத்துக்கொள்கிறேன்; அடிக்கடி கையாண்டு சொல்லைத் தேய்த்தவர்கள் பத்திரிகைக்காரர்கள்தாம். கட்சிக் கூட்டத்தில் ஒருவர் இருமினாலும் போர்க்கொடி என்று எழுதினால், உண்மையாகவே ஒருவர் எழுந்து நிற்கும்போது எழுதச் சொல் இருக்காது. 2021-இல் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் உணவில்லாத வீடுகள் வெள்ளைக் கொடி கட்டினால் உதவி வரும் என்றார்கள். என் பக்கத்து லயத்தில் ஒரு தாய் தலையணை உறையைக் குச்சியில் கட்டிச் சன்னலில் செருகியிருந்தார். அரிசிப் பையோடு போனபோது, கொடியை முதலில் இறக்கிய பிறகே கதவைத் திறந்தார். கொடி என்பது சும்மா தலைப்பில் போடுகிற பொருள் இல்லை என்று அன்று எனக்குத் தோன்றியது. அதே மாதத்தில் சிலர் கறுப்புக் கொடியும் கட்டினார்கள். அது அரசாங்கத்தின் மீதுள்ள அதிருப்திக்கு. வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில் ரசீது எந்த நிறத்தில் வரும், பந்திங்வாசி?

ஓய்வுபெற்ற வாத்தியார்

நூலகப் பூனையின் திருத்தத்தை ஏற்கிறேன். அறிவித்துவிட்டு எதிர்ப்பது என்பதை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். சமமாக நிற்பது என்பதை விட்டுவிட்டேன். இரண்டும் சேர்ந்தால்தான் தொடர் முழுமை பெறுகிறது.

அந்த அளவுகோலில் பார்த்தால் தம்பியின் தலைப்பு நிற்காது. உறுப்பினர் சந்தா கட்டுகிறார். சங்க விதியின்படி கணக்குக் கேட்பது அவருடைய உரிமை. இருக்கிற உரிமையைப் பயன்படுத்துவது போர்க்கொடி ஆகாது. சைக்கிளில் இருந்து இறங்க மறுத்தவனுக்கு அந்த உரிமை அன்று இல்லை; இல்லாததை அவன் எடுத்துக்கொண்டான். அவனைப் பற்றி எழுதும்போது 'போர்க்கொடி' என்று தயங்காமல் எழுதலாம். நாளை பொருளாளர் ரசீதைக் காட்ட மறுத்து, இளைஞர்கள் கோயில் வாசலில் அமர்ந்துவிட்டால், அப்போது இதே தலைப்பை நீங்கள் மீண்டும் போடலாம். நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு சிறு குறிப்பு. உங்கள் புலனச் செய்தியில் 'போர்கொடி' என்று ஒற்றில்லாமல் இருந்ததாக என் மருமகன் காட்டினான். இங்கே சரியாக எழுதியிருக்கிறீர்கள். அங்கேயும் திருத்துங்கள்.

பழைய பிரட்டுக்களம்

வாத்தியார் சொல்வது சரி. ஆனால் ஒன்று. எங்கள் காலத்தில் கணக்குக் கேட்பதும் உரிமையாக இருக்கவில்லை. ஒட்டுப்பாலின் (உறைந்த ரப்பர்ப் பாலின்) நிறுவையைச் சந்தேகப்பட்டுக் கேட்டவன் மறுநாள் மேட்டுக்காட்டு மர நிரைக்கு மாற்றப்பட்டான். அதனால் அந்தப் பிள்ளைகள் எழுந்து நின்றபோது அவர்களுடைய கால் நடுங்கியதா என்பதைப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். நடுங்கியிருந்தால் தம்பியின் தலைப்பில் பாதியாவது சரி.

பந்திங்வாசி

ஐயா, ஒருவருக்கு நடுங்கியது. நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கையில் வைத்திருந்த கூட்ட அறிக்கை படபடவென்று அடித்துக்கொண்டது.

இன்று மாலை செயலாளர் அழைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரசீதுகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டப் போகிறார்களாம். கூட்டக் குறிப்பில் என் செய்தியைப் பார்த்து அவரும் 'போர்கொடி தூக்கினர்' என்றே எழுதி வைத்திருந்தார். அதை அடித்துவிட்டு 'எழுந்து நின்று கணக்கு கேட்டனர்' என்று மாற்றச் சொன்னேன். 'எழுந்து நின்று' எதற்கு என்று கேட்டார். அது இருக்கட்டும் என்றேன். வாத்தியார் ஐயா, அங்கே 'கணக்குக்' என்று ஒற்று வர வேண்டும்தானே?